ரிட்டிகலை மலையும் அருவியாற்று மக்களும்

மன்னார் மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருக்கிறேன். ஒருநாள் வகுப்பறைச் சுவரிலே தொங்கிய இலங்கைப் படத்தில் அருவியாற்றைக் காட்டும்படி மாணாக்கரைக் கேட்டேன். அரிப்புக்கு அண்மையில் அது கடலொடு கலக்குமிடத்தை எல்லோரும் தயக்கமின்றிக் காட்டினர். அது தொடங்குமிடம் எது என்று வினவியபோது, விரலை மாவட்ட எல்லைவரை கொண்டுசென்று அங்கேயே நிறுத்திவிட்டனர். அதற்கு மேலே அதே நீலக் கோட்டின் அருகில் ‘மல்வத்து ஓயா’ என்று எழுதப்பட்டிருந்தது. பெயர் வேறாகவே ஆறும் வேறு என எண்ணிவிட்டனர்.

இது மாணாக்கரின் பிழையன்று. மன்னர்களின் பட்டியலையும் படையெடுப்புக்களையும் வரலாறென்றும், மலைகளின் உயரங்களையும் ஆறுகளின் நீளங்களையும் புவியியலென்றும் தனித்தனியே பிரித்துப் புகட்டும் நம் கல்விமுறையின் பிழையே அது. ஓர் ஆற்றின் இரு பெயர்களுக்கிடையே ஒரு நாட்டின் வரலாறே மறைந்து கிடக்கலாம் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. 164 கிலோமீற்றர் நீளமான இவ்வாறு பிறக்குமிடங்களுள் ஒன்றான ரிட்டிகலை மலையை அவர்கள் காணவேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். அடுத்து வந்த தை மாதத்தில் அங்கு சென்றோம். இக்கட்டுரை அப்பயணத்தின் விளைவாகும்.

அநுராதபுர மாவட்டத்தின் தென்கிழக்கே, மரதன்கடவலையிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் பெருவீதிக்கு வடக்கே, சமவெளியின் நடுவில் ரிட்டிகலை தனித்து நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 766 மீற்றர். மத்திய மலைநாட்டைக் கண்டவர்கள் இதனை மலையென்று சொல்லவும் தயங்குவர். ஆயினும் மத்திய மலைநாட்டுக்கு வடக்கே, இலங்கையில் இதனிலும் உயர்ந்த மலை பிறிதில்லை. இத்தனிமையே அதன் சிறப்புக்குக் காரணமாயிற்று.

தடையேதுமின்றிச் சமவெளியைக் கடந்துவரும் காற்று திடீரென இம்மலையிலே மோதி மேலெழுகிறது. எழும்போது குளிர்ந்து, தன்னுள் அடங்கிய நீராவியை முகிலாகவும் மென்மூடுபனியாகவும் விடுகிறது. வாடைக்காலத்து மழை சமவெளிக்கும் மலைக்கும் பொதுவானது. ஆனால் சோளகக் காற்று வீசும் மாதங்களிலே, கீழே குளங்கள் வற்றி நிலம் வெடித்துக் கிடக்கும்போதும், ரிட்டிகலையின் உச்சி முகில் சூடியிருப்பதுண்டு. எனவே ஒரே மலையில் இருவேறு காடுகளைக் காண்கிறோம். அடிவாரத்திலே பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய வரண்ட வலயத்து மரங்கள் வளர்கின்றன. வன்னிக் காட்டை அறிந்த நம்மவர்க்கு அவை புதியனவல்ல. உச்சியிலோ மரங்கள் குறுகி, கிளைகளிலே பாசி படர்ந்து, பன்னங்களும் ஓர்க்கிட்டுக்களும் செறிந்து, மலைநாட்டின் ஒரு துண்டைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தோற்றம் அமைந்துள்ளது.

மக்களின் கற்பனை இவ்வியப்பைத் தன் வழியிலே விளக்கியது. சஞ்சீவி மலையைச் சுமந்து சென்ற அனுமன் வழியிலே தவறவிட்ட துண்டே இது என்பது இப்பகுதியிலே வழங்கும் கதை. ஐதிகத்தை வரலாறெனக் கொள்ளுதல் தவறு; அதனை வெறும் பொய்யென ஒதுக்குதலும் தவறு. மலையுச்சியின் செடிகள் சமவெளியின் செடிகளல்ல, அவை மருந்துக்குப் பயன்படுவன என்ற நெடுங்கால அனுபவ அறிவையே அக்கதை தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது.

அறிவியலாளர் இவ்வுண்மையைக் கண்டறிந்தது பின்னரே. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திரைமன், ரிட்டிகலையின் தாவரங்களைப் பற்றி 1889இல் எழுதினார். அவருக்குப் பின் அப்பதவியை வகித்த ஜோன் கிறிஸ்தோபர் வில்லிஸ், 1906இல் இம்மலையின் தாவரங்களை ஆராய்ந்து விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். நமது கற்பூரவள்ளியின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று, உலகில் வேறெங்கும் காணப்படாதது, ரிட்டிகலை உச்சியின் பாறைகளிலே மட்டும் வளர்கின்றது. அதே இனத்தைச் சேர்ந்த, வெப்பநாடுகள் பலவற்றிலும் பரந்து வளரும் இன்னொரு செடியும் அதனருகிலேயே வளர்கின்றது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கிய வில்லிஸ், அவற்றுக்கிடையேயுள்ள சிறுசிறு வேறுபாடுகளால் உச்சிச் செடிக்கு வாழ்க்கைப் போட்டியிலே என்ன நன்மை கிடைத்திருக்க முடியும் என்று வினவினார். டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கை அதற்குப் போதிய விடை தரவில்லை எனக் கருதிய அவர், ஓரினம் பரந்துள்ள நிலப்பரப்பு அதன் வயதைப் பொறுத்தது என்ற கொள்கையை வகுத்து, 1922இல் நூலாக வெளியிட்டார். அக்கொள்கையை உலகம் பின்னர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் உலகளாவிய விவாதமொன்றின் வேர்களுள் ஒன்று அநுராதபுரத்துக் காட்டு மலையொன்றின் உச்சிப்பாறையில் இருந்தது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி இம்மலையின் மனித வரலாற்றைக் காண்போம். மகாவம்சம் இதனை அரிட்ட பர்வதம் என்கிறது. அநுராதபுர இராச்சியத்தைத் தோற்றுவித்தவனாகக் கூறப்படும் பண்டுகாபயன், தன் மாமன்மாருக்கெதிராகப் படைதிரட்டிய காலத்தில் இம்மலையருகே ஏழாண்டுகள் தங்கியிருந்தான் என்பது அந்நூலின் செய்தி. அதிகாரத்தை எதிர்த்தவனுக்குக் காட்டுமலை அரணாய் அமைந்தமை உலக வரலாற்றிலே புதியதன்று. இக்கதையின் முழுமையையும் நாம் நம்பவேண்டியதில்லை. அரசு தோன்றிய காலத்திலேயே இம்மலை அறியப்பட்ட இடமாய் இருந்தது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

உறுதியான சான்று கல்லிலே உண்டு. மலைச்சரிவிலுள்ள குகைகள் பலவற்றின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதவாறு விளிம்பு வெட்டப்பட்டிருக்கிறது. அதன்கீழ்ப் பழைய பிராமி எழுத்துக்களிலே குகையைத் துறவிகளுக்கு ஈந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இலங்கையெங்கும் பொறிக்கப்பட்ட இத்தகைய சாசனங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, பருமகர், கமிகர், கஹபதியர் என்ற பட்டங்களைத் தாங்கிய கிராமத் தலைவரும் செல்வரும் முன்னிற்பதைக் காண்கிறோம். ஈந்தவன் பெயர் கல்லிலே நின்றது; உளிபிடித்து அவ்விளிம்பை வெட்டியவனுக்கோ அக்கல்லில் இடமில்லை. ரிட்டிகலையின் வரலாற்றிலே இனி வரப்போகும் அனைத்துக்கும் இது முன்னுரை போல அமைந்துவிட்டது.

இன்று நாம் அடிவாரத்திலே காணும் பெரும் இடிபாடுகள் பிற்காலத்தவை. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட முதலாம் சேனன், பாம்சுகூலிகர் என்னும் துறவிகளுக்காக இம்மலையிலே மடாலயமொன்றை அமைத்தான் எனச் சூளவம்சம் கூறும். சுடுகாட்டிலும் குப்பையிலும் கிடந்த கந்தைகளைப் பொறுக்கித் தைத்து உடுத்தவர் இத்துறவிகள். தலைநகரின் பெரும் விகாரைகள் நிலமும் பொன்னும் சேர்த்துச் செல்வத்திலே திளைத்த காலத்தில் அதனை மறுத்து வாழ்ந்தவர்கள். அவர்களது வாழ்க்கை ஒரு கண்டனக் குரலாகவே இருந்தது எனலாம்.

அவர்களின் கொள்கை கட்டடங்களிலும் தெரிகிறது. ரிட்டிகலையிலே தாதுகோபமில்லை, புத்தர் சிலையில்லை, வெள்ளரசு நட்ட மேடையில்லை. பெருங்கற்களால் உயர்த்தப்பட்ட இரட்டை மேடைகள் மட்டுமே உண்டு. ஒன்றையொன்று எதிர்நோக்கிய அம்மேடைகளைக் கற்பாலம் ஒன்று இணைக்கின்றது. அலங்காரச் செதுக்கல் ஓரிடத்தில் மட்டுமே காணப்படுகின்றது: சிறுநீர் கழிக்கும் கல்லில்! நகரத்து விகாரைகளின் ஆடம்பரத்தை எள்ளுவதற்காகவே துறவிகள் அவ்வாறு செய்தனர் என்று அறிஞர் சிலர் விளக்குவர். அவ்விளக்கம் சரியாயின், இலங்கைச் சிற்பக் கலையிலே இதனைவிடக் கூரிய அங்கதத்தைக் காண்பது அரிது.

ஆனால் நாம் இங்கே நின்றுவிடலாகாது. அடிவாரத்திலுள்ள பந்தப் பொக்குண என்னும் குளத்தின் சுற்றளவு ஏறத்தாழ 366 மீற்றர். அதன் உட்புறம் முழுவதும் கற்படிகள் அடுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து காட்டினூடே மேலேறும் பாதை, ஒன்றோடொன்று பொருந்த வெட்டிய கற்பலகைகளால் பாவப்பட்டு, இடையிடையே வட்டமான தங்குமிடங்களோடு அமைந்துள்ளது. இக்கற்களை வெட்டியோர் யார்? இழுத்தோர் யார்? கந்தையுடுத்த துறவிகளா?

விடையைச் சூளவம்சமே தருகிறது. மன்னன் அம்மடாலயத்துக்கு மிகுந்த வருவாயையும் அரச சிறப்புக்களையும் வழங்கினான் என்றும், ஏவலாளரையும், வேலை செய்வதற்கு அடிமைகளையும் கொடுத்தான் என்றும் அது சொல்கிறது. அதனை எழுதிய துறவிக்கு இதிலே முரண்பாடு ஏதும் தோன்றவில்லை; மன்னனின் புண்ணியச் செயல்களுள் ஒன்றாகவே அதனைப் பதிவுசெய்தார். உடைமையைத் துறந்தவர்களுக்கு மனிதர்களே உடைமையாக வழங்கப்பட்டனர்! செல்வத்துக்கெதிராக எழுந்த கண்டனக் குரலைக்கூட, நிலவுடைமைச் சமுதாயம் தன் மானியத்தால் அணைத்துத் தன் அணியாக்கிக் கொண்டது. துறவிகளின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. தனிமனிதரின் நேர்மை எத்துணை உயர்ந்ததாயினும், உற்பத்தி உறவுகள் மாறாதவரையில் அது யாரோ ஒருவரின் முதுகின்மேலேயே நிற்க நேரிடும் என்பதற்கு ரிட்டிகலையின் கற்கள் சாட்சியாகின்றன.

இதே சேனனின் காலத்திலேதான் பாண்டியர் படை அநுராதபுரத்தைக் கைப்பற்றிச் சூறையாடியது. பின்னர் அவனது மரபினன் இரண்டாம் சேனனின் படை மதுரைக்குச் சென்றது. பத்தாம் நூற்றாண்டின் முடிவிலே சோழர் அநுராதபுரத்தை வீழ்த்தினர். தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. ரிட்டிகலை மடாலயமும் சோழப் படையெடுப்புக்களின் காலத்தோடு கைவிடப்பட்டது என்பர். இச்செய்திகளைச் சிங்கள மாணவன் ஒருவிதமாகவும் தமிழ் மாணவன் இன்னொருவிதமாகவும் படிக்கிறான். ஒருவன் பெருமிதம் கொள்ளுமிடத்தில் மற்றவன் மனம் நோகிறான். ஆனால் கடலின் இருகரையிலும் ஆட்சியமைப்பு ஒரே தன்மையதாகவே இருந்தது. இங்கே விகாரைக்கு நிலமும் ஊழியரும் வழங்கப்பட்டது போலவே, அங்கே கோயிலுக்கும் பிராமணருக்கும் இறையிலி நிலங்கள் வழங்கப்பட்டன. எந்த மன்னன் வென்றாலும் கல் சுமந்தவனின் தோள் ஆறவில்லை. அவன் எம்மொழி பேசினான் என்று கேட்டுப் பூசலிடுவோர், அவன் ஏன் சுமந்தான் என்று கேட்பதில்லை.

மடாலயம் காடாயிற்று, ஆறு தொடர்ந்து பாய்ந்தது. கண்டியரசனின் சிறையிருப்பிலிருந்து தப்பிய ஆங்கிலேயனான றொபேட் நொக்ஸ், 1679இல் மல்வத்து ஓயாவின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு, ஆளரவமற்ற காட்டினூடே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். அநுராதபுரப் பகுதியிலே கண்டியரசனின் குடிகளாய் வாழ்ந்தோர் ‘மலபாரிகள்’, அதாவது தமிழர், என்று அவன் எழுதிவைத்தான். இக்கூற்றை எடுத்துக்கொண்டு நிலவுரிமை வழக்காடுவது நம் நோக்கமன்று. ஆற்றோரத்திலே இன்று வாழ்பவர்தாம் என்றும் வாழ்ந்தனர் என்று எந்த இனமும் சொல்லிக்கொள்ள முடியாது. மக்கள் வந்தனர், கலந்தனர், பெயர்ந்தனர் என்பதற்கே அது சான்று.

பிரித்தானியர் காலத்திலேதான் மலைக்கும் மக்களுக்குமிடையே புதியதொரு சக்தி புகுந்தது. அதுவே சட்டம். 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அஃது அடிமைத்தளையை அறுத்த முற்போக்கான செயலே. ஆயினும் குளங்களையும் வாய்க்கால்களையும் பேணிவந்த கூட்டுழைப்புக்கு மாற்று ஒழுங்கு எதுவும் செய்யப்படவில்லை. குளங்கள் உடைந்தன, கிராமங்கள் மெலிந்தன. 1856இன் நீர்ப்பாசனச் சட்டம் வரும்வரை இந்நிலையைத் திருத்த அரசு முன்வரவில்லை. இதற்கிடையில், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு மலைநாட்டிலே நிலம் தேடிய காலத்துச் சட்டம் இது. எனினும் அதன் நிழல் வரண்ட வலயத்துக் காடுகள் மீதும் விழுந்தது. 1897இன் தரிசுநிலச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கியது.

குளத்துக்குக் கீழே வயல், குளத்துக்கு மேலே காடு, காட்டிலே முறைவைத்துச் செய்யும் சேனை: இம்மூன்றும் சேர்ந்ததே அக்கிராமங்களின் வாழ்வு. மழை பொய்த்து வயல் கைவிட்ட ஆண்டிலே குரக்கனும் எள்ளும் தந்து குடியானவனைக் காத்தது சேனையே. உறுதிப்பத்திரம் என்பதை அறியாத அவன், பரம்பரையாக நடந்த காட்டிலே ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். அவனுடைய சேனையைச் சோம்பேறியின் வேளாண்மை என்றும் காட்டின் பகை என்றும் ஆட்சியாளர் இகழ்ந்தனர். மலைநாட்டின் காட்டைக் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் முற்றாக அழித்தோர் கூறிய குற்றச்சாட்டு இது என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்திலேதான், 1893இல், தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல் ரிட்டிகலை இடிபாடுகளை ஆராய்ந்து பதிவுசெய்தார். அவரது உழைப்பு போற்றத்தக்கது. அதுவின்றி இம்மலையைப் பற்றிய நம் அறிவு பெரிதும் குறைந்திருக்கும். ஆயினும் இறந்துபோன கிராமங்களின் கற்களை எண்ணிக் குறித்த அதே அரசாங்கம், உயிரோடிருந்த கிராமங்களின் உரிமைகளை எண்ணிக் குறிக்கவில்லை.

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1941 நவம்பரிலே ரிட்டிகலையின் 1,528 ஹெக்டேயர் பரப்பு கடும் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்வொதுக்கத்தினுள் ஆராய்ச்சிக்காக அனுமதி பெற்றவரன்றிப் பிறர் செல்லலாகாது. நாங்களும் தொல்பொருட் பகுதியோடு நின்று, உச்சியைக் கீழிருந்தே நோக்கித் திரும்பினோம். இம்முடிவு சரியானதே என்பதை இங்கு வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் இக்காடு, உலகில் வேறெங்குமில்லாத செடியொன்றின் ஒரே வீடு. அதற்கும் மேலாக, அது ஒரு நீர்த்தாய். சருகு மூடிய காட்டுமண் மழையை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகிறது. மரம் போனால் மழை ஒரே நாளில் வெள்ளமாய் இறங்கும். மண் குளங்களைத் தூர்க்கும். அடுத்த மாதமே ஓடை வற்றும்.

ஆனால் காட்டைக் காக்கும் சட்டம் நிலப்பசியைத் தீர்க்காது. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியா பல்லாயிரவரைப் பலிகொண்டது. 1946 முதல் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பட்டு அந்நோய் அடங்கியதும், வரண்ட வலயத்தில் மக்கள் பெருகினர். குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன, காடுகள் சுருங்கின, யானைக்கும் உழவனுக்கும் இடையே போர் மூண்டது. ஒதுக்கத்தின் எல்லையிலே நிலமற்ற ஒருவன் கத்தியோடு நிற்பானாயின், அவனைக் குற்றவாளியாக்கி வழக்குத் தொடர்வது எளிது. அவனுக்கு ஏன் நிலமில்லை என்று கேட்பதே கடினம். காடா, மனிதனா என்ற கேள்வியே தவறானது. நிலம் யார் கையில் குவிந்துள்ளது, நீர் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பவையே சரியான கேள்விகள். காட்டைச் சார்ந்து வாழும் கிராமத்தவரை அதன் பகைவராகக் கொள்ளாது காவலராகக் கொண்டு, அவர்களுக்குரிய பங்கையும் பொறுப்பையும் அளிக்கும் நாளிலேதான் இம்மலைக்கு உண்மையான அரண் கிடைக்கும். முள்வேலியும் காவலாளியும் அதற்கு ஈடாகா.

மீண்டும் எங்கள் பயணத்துக்கு வருகிறேன். கற்பாதையோரத்திலே சலசலத்த ஓடையொன்றில் கைநனைத்துக்கொண்டே, வயற்கார வீட்டுப் பிள்ளையொருத்தி கேட்டாள்: “சேர், இந்தத் தண்ணிதானோ எங்கட வயலுக்கும் வாறது?”

ஆமென்றேன். வழியிலே எத்தனையோ வயல்களுக்குக் கொடுத்த பின்னரே அது நம்மிடம் வருகிறது. நாச்சதுவக் குளத்திலே தங்கி, அநுராதபுர நகரைக் கடந்து, சிங்கள உழவரின் நெல்லை விளைவித்து, எஞ்சிய நீர் அருவியாறென்ற பெயரோடு மன்னாருக்குள் நுழைகிறது. தேக்கம் அணையிலே அதனை மறித்து வாய்க்கால்வழி கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறோம். மேற்பகுதியிலே பெருமழை பெய்தால் நமது கரையோரக் கிராமங்கள் மூழ்குகின்றன. அங்கே காடு அழிந்தால் இங்கே குளம் தூர்கிறது. 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே இவ்வாற்றின் இருபகுதி மக்களும் ஒருவரையொருவர் காணாது வளர்ந்தனர். எங்கள் தலைமுறை அவ்வாறு வளர்ந்ததே. நம் வயல்கள் பல தரிசாய்க் கிடந்தன. அங்கிருந்து ஏழைகளின் பிள்ளைகள் படைக்குச் சென்று மாண்டனர். அந்நாட்களிலும் நீர் மட்டும் எல்லை கேட்காமல் வந்துகொண்டேயிருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் அதே மாணாக்கரை மீண்டும் படத்தின் முன் நிறுத்தினேன். இம்முறை விரல்கள் மாவட்ட எல்லையில் நிற்கவில்லை. ஒருவன் மட்டும் கேட்டான்: “அப்ப சேர், அந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்கு அருவியாறு தெரியுமோ?”

அவ்வினாவுக்கு நான் தனியே விடை சொல்ல முடியாது. அநுராதபுரத்துப் பாடசாலைகளிலே படம் தொங்கும் சுவர்களின் முன் நிற்கும் ஆசிரியர்களும் சேர்ந்தே சொல்லவேண்டும். அவர்களின் மாணாக்கர் ஒருநாள் ஆற்றோடு கீழிறங்கி அரிப்புக்கு வரட்டும். கட்டுக்கரையின் வயல்களை நாங்கள் காட்டுகிறோம்.